அன்புள்ள பங்காளிக்கு

ஒரு நாகரிகம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அது எழுப்பிய கோபுரங்களை வைத்து அளந்தது பழைய காலம். அது தன் மக்களிடம் பணம் கேட்கும் அழகை வைத்து அளப்பதே இனி முறை. அப்படி அளந்தால், நாம் சொல்லப்போகும் வரி அலுவலகம் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருக்கிறது. வேறெந்த அலுவலகத்துக்கும் அங்கே கை எட்டாது.

அந்த அலுவலகமும் ஒரு காலத்தில் மற்ற அலுவலகங்களைப் போலத்தான் இருந்தது. 'பாக்கி', 'கெடு', 'தவறினால்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடிதம் எழுதும். வாங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கட்டிவிட்டுப் போவார்கள். பணம் வந்தது, சரி. பண்பு எங்கே? இந்தக் கேள்வி ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலிடத்தின் மனத்தில் எழுந்தது. உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு கூடியது, தேநீர் குடித்தது, மறுபடி கூடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது. இப்படிக் கூடிக்கூடி, கடைசியில் 'மனம் நோகா மடல் திட்டம்' பிறந்தது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதை ஓர் அலுவலகம் முதன்முறையாகக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது.

பழம் தயார். ஊசி ஏற்றக் கைப்பழக்கம் உள்ள ஆள் வேண்டுமல்லவா? அங்கேதான் நம் கதாநாயகி வருகிறாள்.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. ஆனால் விளம்பரக் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்த அன்று, வாசற்படியில் நின்றுகொண்டு, "இனிமே எனக்கு முதலாளின்னு யாரும் கிடையாது, நான் சுதந்திரம்" என்று சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயரே 'சுதந்திரம்' ஆகிவிட்டது. "சுதந்திரம், அடுப்ப அணைச்சியா?" "சுதந்திரம், துணி காயப் போட்டியா?" என்று அந்த வீட்டில் நாள் முழுவதும் சுதந்திர முழக்கம் கேட்டபடி இருக்கும்.

அவளுடைய தொழில் சொற்களுக்கு இஸ்திரி போடுவது. ஷாம்பு பாட்டிலின் முதுகில் இருக்கும் நாலு வரி, லிப்ட் பழுதானால் மாட்டும் பலகை, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று சொல்லிச் சொல்லியே காக்கவைக்கும் தொலைபேசிக் குரலுக்கு வேண்டிய வசனம், எல்லாம் அவள் கைவண்ணம். கம்பெனிகள் கசங்கலாக ஒன்றைக் கொடுக்கும். அவள் சுருக்கம் எடுத்து மடித்துத் தருவாள். பிறகு பில் அனுப்புவாள். அதற்கப்புறம் அந்தப் பில்லை நினைவூட்டிக் கடிதம் அனுப்புவாள். எழுதுவது பகுதிநேர வேலை. நினைவூட்டுவதுதான் முழுநேர வேலை.

அலுவலகம் என்று அவளுக்கு இருந்தது சாப்பாட்டு மேசை. உப்பு ஜாடிக்கும் தண்ணீர்க் குடுவைக்கும் நடுவில் மடிக்கணினி திறந்திருக்கும். அந்தக் குடியிருப்பில் யாருக்குப் பார்சல் வந்தாலும் அவள் வீட்டு மணிதான் அடிக்கும், அவள் "வீட்டுலதானே" இருக்கிறாள். மாமியார் தொலைபேசியில் உறவுக்காரர்களிடம், "எங்க மருமக சும்மாதான் இருக்கா, இப்பவே அனுப்பறேன்" என்று அவளை வாரி வழங்கிக்கொண்டிருப்பார். கணவன் மருந்துக் கம்பெனிக் கிடங்கில் மேலாளன், நல்ல மனிதன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உனக்கென்ன, பஸ்ஸா, கூட்டமா, மேனேஜரா" என்று மனதாரப் பொறாமைப்பட்டுவிட்டுப் போவான்.

வரி அலுவலகத்தின் அழைப்பு வந்தபோது அவள் மிதந்துகொண்டு போனாள். 'நல்லுறவு அதிகாரி' என்று ஒருவர் இருந்தார். அகலமான முகம், புன்னகை வைக்க இடம் தாராளமாக இருந்தது.

"மேடம், நாங்க வரி கேக்கணும். ஆனா வரி கேக்குற மாதிரி இருக்கக் கூடாது" என்றார்.

"அப்ப எதக் கேக்குற மாதிரி இருக்கணும் சார்?"

"நலம் விசாரிக்கிற மாதிரி."

"தொகைய எங்க போடறது?"

"போடணும், ஆனா கண்ண உறுத்தக் கூடாது. மூலையில ஒரு பூ படம் போட்டு, அதுக்குக் கீழ பொடி எழுத்துல போட்டுடலாம்."

யாரை விளித்து எழுதுவது என்பதில் குழுவுக்குள் பெரிய விவாதம் நடந்திருந்தது. 'வரி செலுத்துபவர்' என்பதில் செலுத்தச் சொல்லும் தொனி இருப்பதாக ஒருவர் மனம் வருந்தினாராம். முடிவாக, 'பங்காளி' என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"சார், பங்காளின்னா சொத்துல பங்கு கேட்டு வர்றவங்கதானே?" என்று சுதந்திரம் தயங்கினாள்.

"பொய் சொல்லலையே மேடம்" என்றார் அதிகாரி, மிகுந்த அடக்கத்தோடு.

மொத்தம் மூன்று மடல். முதல் மடல் அறிமுகம். இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவது போய்ச் சேர்ந்த கையோடு, அதை வாங்கியவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படும். அது மட்டும் மடலைப் படிப்பவருக்குத் தெரியவே கூடாது. சுதந்திரம் சவாலை ஏற்றாள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பார்சல்களுக்கு நடுவே உருகி உருகி எழுதினாள். மூன்றாம் மடலில், 'உங்கள் செல்வத்தை இனி நாங்களும் உங்களோடு சேர்ந்து காக்கிறோம். நீங்கள் சற்றே ஓய்வெடுங்கள்' என்ற வரி வந்து விழுந்தபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

கொசுறாக இன்னொரு சின்ன வேலையும் கொடுத்தார்கள். அலுவலகத்துக்குச் சாமான் விற்றவர்கள், வேலை செய்தவர்கள் என்று பணம் கேட்டு வருகிறவர்களிடம் ஊழியர்கள், "இப்ப இல்ல, போங்க" என்று எரிந்து விழுகிறார்களாம். அதற்கு மாற்றாக மனம் நோகாத ஒரு வரி வேண்டும். சுதந்திரம் பேனாவைக் கடித்தபடி யோசித்து எழுதினாள்: 'பில்லை வச்சிட்டுப் போங்க, உடனே பாத்துடலாம்.' அதிகாரி அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "கேக்கவே எவ்வளவு ஆறுதலா இருக்கு" என்றார், கரகரத்த குரலில்.

மறுவாரம் அவள் தன் பில்லை எடுத்துக்கொண்டு போனாள். அதிகாரி முகம் மலர வாங்கிப் பார்த்து, "வச்சிட்டுப் போங்க மேடம், உடனே பாத்துடலாம்" என்றார். அந்த வரியை உலகில் முதன்முதலாகக் கேட்கும் பேறு அதை எழுதியவளுக்கே கிடைத்தது. அது போன வருடம். 'உடனே' இன்னும் வரவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் அவள் பெயருக்கு ஓர் உறை வந்தது. பிரித்தாள். மூலையில் பூ. 'அன்புள்ள பங்காளிக்கு, வணக்கம். காலைக் கதிரவன் கணக்குப் பாராமல் ஒளி தருவது போல நீங்களும் தருபவர் என்பதை அறிந்து நெகிழ்கிறோம்…' அவள் எழுதியது, ஒரு புள்ளி மாறாமல்.

தன் எழுத்தை அச்சில் பார்க்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் மூளை கொஞ்சம் விடுப்பில் போய்விடும். சுதந்திரத்துக்கும் போனது. எழுதியவளுக்கு மரியாதையாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள்.

கணவன் வாங்கிப் பார்த்தான். "உன் பேருக்கே வந்திருக்கே?"

"மாதிரிக்கு என் பேரப் போட்டிருக்காங்க."

"பூவுக்குக் கீழ ஏதோ தொகை இருக்கு."

"அதுவும் மாதிரிக்குத்தாங்க. வெறும் சைபர் போட்டா அசிங்கமா இருக்குமில்ல."

மடல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தப் பொத்தான் வைத்து மாட்டப்பட்டது. பார்சல் வாங்க வந்தவர்களெல்லாம் படித்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் நகல்கூடக் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது வந்தது. 'சில நாட்களாக உங்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. உங்கள் நினைவாகவே இருக்கிறோம்.' அதை முதலில் பிரித்தவர் மாமியார்.

"யாரும்மா இது, இவ்வளவு உருகி எழுதறது?" என்றார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு.

"வரி ஆபீஸ், அத்தை."

"ஆபீஸ்காரங்க ஏன் உன் நினைவாவே இருக்காங்க?"

"அது நான் எழுதினது அத்தை. எனக்கே அனுப்பியிருக்காங்க."

மாமியார் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார். வீட்டிலேயே அடைந்து கிடப்பவர்களுக்கு இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அன்று மாலை மகனிடம் சொன்னாராம்.

அந்தப் பார்வைக்குப் பிறகுதான் சுதந்திரம் ஒரு முடிவுக்கு வந்தாள். அவளுக்கு ஓர் அறை வேண்டும். எதிர்த்தெருவில் தையல் கடைக்கு மேலே ஒன்று காலியாக இருந்தது. ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவு. பார்க்கப் போனவள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டதும் எடுத்துவிட்டு இன்னொரு முறை போட்டாள். அந்தச் சத்தத்துக்காக இத்தனை வருடமும் ஏங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

தையல்காரர் ஒளிவுமறைவு இல்லாத மனிதர். "எனக்கும் மாடிய வாடகைக்கு விட மனசில்லம்மா. ஒரு பெரிய ஆபீசுக்கு அத்தனை ஜன்னலுக்கும் திரை தைச்சுக் குடுத்தேன். காசு வந்தபாடில்ல. துணி குடுத்தவரு கழுத்தப் புடிக்கிறாரு. மாசக் கடைசிக்குள்ள முன்பணம் குடுத்துடுங்க, இன்னொருத்தரும் கேட்டுட்டிருக்காரு."

கொடுக்கலாம். ஷாம்பு பாட்டில் முதுகுகளிலிருந்து வாங்கிச் சேர்த்த பணம் அவள் கணக்கில் இருந்தது. அந்த வாரமே மூன்றாவது மடலும் வந்தது. 'நீங்கள் சற்றே ஓய்வெடுங்கள்.' அவள் கண்கலங்கிப் போய், மூன்றையும் வரிசையாக மாட்டினாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அதைக் குளிர்சாதனப் பெட்டியில் மாட்டி அழகு பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

மாதக் கடைசியில் தையல் கடையில் நின்று கைப்பேசியில் தொகையை அழுத்தினாள். போகவில்லை. மறுபடி அழுத்தினாள். 'கணக்கு முடக்கப்பட்டுள்ளது' என்றது வங்கி. வங்கி பாவம், மனம் நோகா மடல் எழுதத் தெரியாத வங்கி. ஒரே வரியில் விளங்க வைத்துவிட்டது. பூவுக்குக் கீழே இருந்த தொகை அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் தையல்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே. சின்னத் தடங்கல். உடனே பாத்துடலாம்." அவளை அறியாமல் அது வாயில் வந்துவிட்டது.

தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "இத நான் வேற ஒரு எடத்துலயும் கேட்டிருக்கேன்மா" என்றார்.

நல்லுறவு அதிகாரி அவளை எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார். கணக்கை முடக்கியவர்கள் இவ்வளவு அன்பாக இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

"சார், எனக்கு எதுக்கு இவ்வளவு வரி? நான் அவ்வளவு சம்பாதிக்கவே இல்லையே."

அதிகாரி கணினியைத் தட்டினார். "சம்பாதிச்சிருக்கீங்களே மேடம். போன வருஷம் ஒரு பெரிய பில்லு. மூணு மடல், ஒரு வசனம்."

"அது நீங்க எனக்குத் தரவேண்டிய பணம் சார்."

"ஆமாம் மேடம்."

"நீங்க இன்னும் தரலையே."

"தரல. ஆனா நீங்க பில் குடுத்த அன்னைக்கே செலவுன்னு எழுதிட்டோம். எங்க கணக்குல செலவுன்னா உங்க கணக்குல வருமானம். அது ரொம்பக் கச்சிதமா நடக்கும் மேடம், அதுல மட்டும் தாமதமே கிடையாது."

"கையில வராத காசுக்கு வரியா?"

"வரி மட்டும் இல்ல, மூணு மடலுக்கும் பதில் போடாததால தாமதக் கட்டணமும் இருக்கு." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இவ்வளவு அன்பா எழுதியுமா மேடம் உங்களுக்குப் புரியல?"

"நான் அத எனக்கு அனுப்பின பிரதின்னு நெனச்சுட்டேன் சார்."

"நீங்களாவது பரவாயில்ல. யாருக்குமே புரியல. ஒரு பெரியவர் மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காரு. ஒரு அம்மா எங்களுக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்காங்க. திட்டம் வந்ததுலேருந்து ஒரு புகார்கூட இல்ல, மேலிடத்துல விருதே குடுத்தாங்க. வரிதான் வரல." அவர் கையை விரித்தார். "வரி வந்தாத்தானே உங்க பில்லுக்குப் பணம் தரமுடியும்?"

சுதந்திரம் தண்ணீரைக் குடித்தாள். அவளுடைய திறமைதான் அவளுடைய கூலிக்குக் குறுக்கே படுத்திருந்தது.

"கழிச்சுக்கங்க சார். நீங்க தரவேண்டியதுல இதக் கழிச்சுட்டு மீதியக் குடுங்க."

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா இது வாங்கும் பிரிவு மேடம். மக்கள் வசதிக்காகக் கீழேயே வச்சிருக்கோம். கொடுக்கும் பிரிவு மூணாவது மாடி."

"லிப்ட் எங்க சார்?"

"லிப்ட் ரெண்டோட நின்னுடும்."

வேறு வழியில்லை. அறைக்கென்று சேர்த்த பணம் வரிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் சரியாகப் போயிற்று. தையல்காரரிடம் போய், தானே எழுதிய மூன்று மடல்களின் கதையைச் சொல்லி, அறை வேண்டாம் என்று சொன்னாள். திரும்பி வருகிற வழியில், யார் பார்த்தால் என்ன என்று அழுதாள். ஒரு தாழ்ப்பாளுக்காக ஒரு பெண் தெருவில் அழுகிறாள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மணி அடித்தது. பார்சல்.

மறுநாள் அவள் மூன்றாவது மாடி ஏறினாள். 'கொடுக்கும் பிரிவு' என்று பலகை தொங்கியது. கதவு திறந்தே இருந்தது. பூட்டிவைக்க அங்கே என்ன இருக்கிறது? ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அழகான திரை போட்ட ஒரு ஜன்னல். ஆள் இல்லை. பதவி உயர்வு பெற்றுக் கீழே போனவரின் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. பணத்தைக் கேட்டு, இந்தத் தடவை சுருக்கம் எடுக்காமல், கசங்கலாகவே ஒரு கடிதம் எழுதி மேசைமேல் வைத்தாள். மறுநாள் வந்தாள். கடிதம் அங்கேயே இருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு கல்லை வைத்தாள்.

காத்திருக்கிற நேரத்தை வீணாக்குவானேன் என்று அடுத்த நாள் மடிக்கணினியையும் கொண்டுவந்தாள். மாலைவரை மணி அடிக்கவில்லை. யாரும் துணி காய்ந்துவிட்டதா என்று கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கதவின் உள்பக்கத்தைக் கவனித்தாள். தாழ்ப்பாள் இருந்தது.

நாட்டில் ஒருவர் தொந்தரவில்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால், அதற்கு அரசு பணம் கொடுக்கும் அறையைப் போல உத்தமமான இடம் வேறில்லை. வீட்டிலும் காற்று திசை மாறியது. "எங்க மருமக வரி ஆபீசுல, மூணாவது மாடியில இருக்கா, இப்ப கூப்பிடக் கூடாது" என்று மாமியார் தொலைபேசியில் சொல்வதை அவளே கேட்டாள். கணவன் காலையில் டிபன் டப்பாவை மூடிக் கையில் கொடுத்தான். பார்சல்கள் பக்கத்து வீட்டுக்குப் போயின. அங்கே ஓய்வு பெற்ற ஒருவர் சும்மாதான் இருந்தாராம்.

எப்போதாவது யாராவது மூச்சு வாங்க ஏறி வருவார்கள். குழாய் சரிசெய்தவர், நாற்காலி விற்றவர். "நான் இங்க வேலை பாக்கலைங்க, நானும் உங்கள மாதிரிதான்" என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். "எல்லா ஆபீசுலயும் அப்படித்தான் மேடம் சொல்றாங்க" என்று பில்லை நீட்டினார்கள். வாங்கி, தன் கடிதத்தோடு சேர்த்துக் கல்லுக்கடியில் வைத்தாள். பிறகு விளக்கம் சொல்வதும் நின்றுபோனது. வேலை நெருக்கும்போது எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

அன்று ஒரு பெரிய கம்பெனிக்கு அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ உள்ளே வந்து நின்றார்கள்.

"மேடம், இந்த ஜன்னல் திரை தைச்ச பில்லு. போன வருஷத்துது. கீழ கேட்டா இங்க போகச் சொல்றாங்க."

ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. நிமிர்ந்தால் அது ஓடிவிடும். "வச்சிட்டுப் போங்க" என்றாள், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உடனே பாத்துடலாம்."

காலடி நகரவில்லை. அவள் நிமிர்ந்தாள். தையல்காரர் கையில் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை அவளிடமிருந்து மேசைக்கும், மேசையிலிருந்து தான் தைத்த திரைக்கும் போய்த் திரும்பியது.

"இந்த வரியையும் நீங்கதான் எழுதினீங்களாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சுதந்திரம் அவர் பில்லை வாங்கிக் கல்லுக்கடியில் வைத்தாள். அந்த அலுவலகத்துக்கு அவள் எழுதிக் கொடுத்ததில் ஒழுங்காக வேலை செய்வது அந்த ஒரு வரிதான்.